துண்டு போட்ட இடம்

கரையாம்புத்தூரில் கடல் கிடையாது. கரும்பு இருக்கிறது, நெல் இருக்கிறது, பக்கத்தில் ஓர் ஆறும் இருக்கிறது. அதில் ஆண்டில் பாதி நாள் வெறும் மணல். இப்படிப்பட்ட ஊரிலிருந்து வருடம் தவறாமல் ஒரு வேன் நிறைய ஆட்கள் மீன்பிடி, படகுக் கண்காட்சிக்குப் போய் வந்தோம் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. படகோ வலையோ வாங்க வேண்டிய அவசியம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. பெரியம்மாவுக்குப் படகில் ஏற வேண்டும், அதற்குப் பெரியப்பா இடம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு வருடமும் அந்த இடம் கிடைக்காமல் போனதால் அடுத்த வருடமும் போக வேண்டியதாயிற்று.

பெரியப்பா என்றால் அப்பாவோடு கூடப் பிறந்தவர் இல்லை, எதிர்வீட்டுக்காரர். எங்கள் தெருவில் அப்பாவுக்கு மூத்தவர்கள் எல்லோரும் பெரியப்பாதான். அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. சொன்னாலும் மதகடிப்பட்டில் யாருக்கும் தெரியாது. அங்கே உரக்கடையில் முப்பது வருடம் மூட்டை தூக்கினார். துண்டுக்காரர் என்று கேட்டால் டீ ஆற்றுகிறவர்கூட வழி காட்டுவார்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் ஊரில் எல்லோரும் செய்கிற காரியம். மற்றவர்கள் போடுவதற்கும் அவர் போடுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அவருடையது கட்டம் போட்ட ஈரிழைத் துண்டு. கட்சிக் கரை வைத்த துண்டைத் தொடவே மாட்டார். அதைப் போட்டால் எதிர்க்கட்சிக்காரன் எடுத்து வீசிவிடுவானாம். துண்டின் ஒரு முனையில் சின்னதாக முடிச்சுப் போட்டிருப்பார். எங்கள் ஊர் பஸ் மதகடிப்பட்டு நாற்சந்தியில் திரும்பும்போதே, நிற்பதற்கு முன்பே, கையை ஒரு சுழற்று. முடிச்சு முன்னே போகும், துண்டு பின்னே விரியும், ஜன்னல் வழியாக உள்ளே போய் மூன்று பேர் சீட்டு முழுவதையும் மூடிப் படுத்துக்கொள்ளும். அதன் பிறகு பெரியப்பா நிதானமாக ஏறுவார். யாராவது உட்காரப் போனால், "ஆளு வருதுபா" என்பார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆள் யார் என்று அவருக்கே அப்போது தெரியாது. முதலில் இடம் பிடிப்பார், அப்புறம் ஆள் தேடுவார். வயிற்றுப்பிள்ளைக்காரி, பூக்கூடைக்காரி, கால் வீங்கியவர் என்று கூட்டத்தில் கண்ணை ஓட்டி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பார். மறுத்தாலும் விட மாட்டார். ஒரு சந்தை நாளில் மனைவியைப் பஸ் ஏற்றிவிட வந்த ஒருத்தர் சும்மா கீழே நின்றிருந்தார். அவரையும் சேர்த்து இழுத்து ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டார். அந்த மனிதர் வாய் திறந்து தான் பயணி இல்லை என்று சொல்வதற்குள் பஸ் நெட்டப்பாக்கம் வந்துவிட்டது.

எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு அவர் படிக்கட்டில் நின்றுகொள்வார். பஸ்ஸில் அவர் உட்கார்ந்து பல வருடம் நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டால், மூட்டை தூக்குகிற உடம்பு, உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும் என்பார்.

நான் மதகடிப்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரால் எனக்குப் பெரிய தலைவலி. சாயங்காலம் கூட வேலை செய்கிற பெண்களோடு ஸ்டைலாக நடந்து வருவேன். பஸ்ஸுக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்லி நாற்சந்தியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார், நான் போய் அந்தத் துண்டு விரித்த இடத்தில் உட்கார வேண்டும். மானம் போகிறது என்று ஒரு வாரம் அடுத்த பஸ்ஸில் போனேன். அந்த ஒரு வாரமும் அவர் பிடித்து வைத்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விடாமல், எனக்காகக் காலியாகவே கரையாம்புத்தூர் வரை கொண்டுவந்தார் என்று கண்டக்டர் சொன்னார். கேட்டதும் அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. எட்டாம் நாள் பழைய பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டேன்.

கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதே கதைதான். வில்லியனூரில் ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் எங்களுக்காக நீளமாகத் துண்டை விரித்து வைத்தார். நாங்கள் கை கழுவி வருவதற்குள் பரிமாறுகிறவர் அவசரத்தில் துண்டின் மேலேயே இலை போட்டு, சோறு வைத்து, சாம்பாரும் ஊற்றிவிட்டார். பெரியப்பா அந்தத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கடைசிப் பந்திவரை நின்றார். கடைசிப் பந்தியில் பாயசம் இருக்காது. அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து தான் இதுவரை பாயசம் குடித்ததில்லை என்று பெரியம்மா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது டவுன் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் போய் நின்றவர் அவர்தான். சீட்டு எழுதுகிற இடத்தில் துண்டு, டாக்டர் அறை வாசல் பெஞ்சில் இன்னொரு துண்டு. வார்டில் சேர்க்கச் சொன்னதும் உள்ளே ஓடிப்போய் ஒரு கட்டிலின் கால்மாட்டில் துண்டை விரித்துவிட்டார். அதில் ஏற்கெனவே ஒரு நோயாளி படுத்திருந்தார். நர்ஸ் வந்து அந்த ஆள் வீட்டுக்குப் போக இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று சொல்லியும் துண்டை எடுக்கவில்லை. படுத்திருந்தவர் பயந்துபோய் அன்று சாயங்காலமே தனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டரிடம் சொல்லிப் பார்த்தாராம். அன்றைக்கு நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவர் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. அப்பா பிழைத்து எழுந்தார்.

பெரியப்பா இறந்து மூன்று வருடமாகிறது. காரியத்தன்று வாடகை நாற்காலி போதாமல் பாதிப் பேர் வெயிலில் நின்றோம். அவர் இருந்திருந்தால் எல்லோருக்கும் இடம் பிடித்திருப்பார் என்று அப்பா சொன்னார்.

படகுக் கதைக்கு வருகிறேன். பெரியம்மா பூரணாங்குப்பத்துப் பெண். பிறந்த வீட்டில் விவசாயம்தான், ஆனால் கடல் நடக்கிற தூரம். சின்ன வயதில் கூட்டாளிப் பெண்ணின் அப்பா படகு தள்ளும்போதெல்லாம் தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். பெண்பிள்ளை ஏறினால் வலையில் மீன் விழாது என்று அவர் விரட்டியிருக்கிறார். கல்யாணமாகிக் கரும்புக்காட்டுக்கு வந்த புதிதில் புருஷனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு தடவை படகில் போக வேண்டும். "அதுக்கின்னா, எடம் புடிச்சித் தரேன்" என்று அவர் வாக்குக் கொடுத்தார். அப்புறம் பிள்ளைகள், கரும்பு வெட்டு, உரமூட்டை என்று முப்பது வருடம் ஓடிவிட்டது. அரியாங்குப்பம் பக்கம் ஆற்றங்கரைத் திடலில் வருடா வருடம் கண்காட்சி போடுகிறார்கள், அங்கே ஜனங்களைப் படகில் ஏற்றி முகத்துவாரம் வரை கூட்டிப்போய்க் கடலைக் காட்டித் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெரியம்மா அந்தப் பழைய வாக்கை எடுத்து வைத்தாள்.

முதல் வருடம் இரண்டு வீட்டு ஆட்கள், பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள், என் கடைத் தோழிகள் இருவர், உரக்கடைக் கூட்டாளிகள் நால்வர் என்று வேன் கொள்ளாமல் போனோம். படகு கரைக்கு வரும்போதே துண்டு பறந்தது. பாதிப் படகு எங்களுடையது. பிள்ளைகளை ஏற்றினார், என்னை ஏற்றினார், தோழிகளை ஏற்றினார், கூட்டாளிகளை ஏற்றினார். கட்டுச்சோற்றுத் தூக்கோடு பின்னால் வந்த பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தபோது இடம் தீர்ந்துவிட்டது. அடுத்த நடையில் ஏற்றுவதாகச் சொன்னார். அடுத்த நடையில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் நாலைந்து பிள்ளைகளுக்கு இடம் போதாமல் தவித்துக்கொண்டு நின்றார். பெரியப்பாவின் கண் அந்தப் பக்கம் போனபோதே பெரியம்மா தூக்கைத் திறந்து எலுமிச்சைச் சோற்றைப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

இரண்டாம் வருடம் படகுச் சவாரிக்குப் போகவே நேரமில்லாமல் போயிற்று. காலையிலிருந்து ஸ்டால் ஸ்டாலாகச் சுற்றினோம். மீனைத் தேடிச் சொல்லும் கருவி, கலர் கலராக நைலான் வலை, தொட்டியில் அலங்கார மீன், இறால் ஊறுகாய். பிள்ளைகளுக்குக் கால் வலி கண்டது. ஒரு கம்பெனி ஸ்டாலில் புத்தம் புதிய பைபர் படகு ஒன்றைத் தரையில் நிறுத்தி மாலை போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே நல்ல பலகை இருக்கைகள். காலியாக எந்த இருக்கையைக் கண்டாலும் பெரியப்பாவின் கை சும்மா இருக்காது. துண்டு போய்ப் படகில் விழுந்தது.

ஸ்டால்காரர் ஓடி வந்தார். கோட்டும் டையும் போட்டவர். சார் வாங்குகிறீர்களா என்று கேட்டார். பெரியப்பா வழக்கம்போல, "ஆளு வருதுபா" என்றார். ஸ்டால்காரர் அதை, முதலாளி வருகிறார் என்று எடுத்துக்கொண்டார். உடனே நாற்காலி வந்தது, பெரியப்பா உட்காரவில்லை. குளிர்பானம் வந்தது, அதைப் பக்கத்தில் நின்ற பிள்ளைக்குக் கொடுத்தார். படகைப் பார்க்க வந்த வேறு இரண்டு பேரை ஸ்டால்காரர், இது பேசி முடித்தாயிற்று என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். நேரம் ஆக ஆகக் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு வாசலையே பார்த்தார். கடைசியில் ஆள் வந்தது. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, தோளில் தூக்கு. பெரியம்மா நேராகப் படகில் ஏறி உட்கார்ந்து, புளியோதரையைப் பிரித்து ஸ்டால்காரருக்கும் ஒரு கவளம் நீட்டினாள். அந்த மனிதர் அதை வாங்கிச் சாப்பிட்டார் என்பதை நான் இன்றும் பெருமையாக நினைக்கிறேன். தரையில் நின்ற படகில் உட்கார்ந்தபடி பெரியம்மா சொன்னாள், "இதயும் கணக்குல சேத்துக்காதீங்க. இது தண்ணில இல்ல."

மூன்றாம் வருடம் திடலில் வெட்டிய சின்னக் குளத்தில் வீச்சு வலை வீசிக் காட்டினார்கள். விருப்பமுள்ளவர்கள் வந்து வீசலாம் என்று மைக்கில் சொன்னதும் எங்கள் ஆட்கள் பெரியப்பாவைத் தள்ளிவிட்டார்கள். இத்தனை வருடம் துண்டு வீசிய கை. வலை வட்டமாக, ஒரு மடிப்பு இல்லாமல் விரிந்தது. மீனவரே பாராட்டியிருப்பார். ஆனால் வலை குளத்தில் விழவில்லை. கைப்பழக்கத்தில் பெரியப்பா எதிர்ப்பக்கம் திரும்பி, விருந்தினர்களுக்குப் போட்டிருந்த முன்வரிசை நாற்காலிகளின் மேல் வீசிவிட்டார். நாலு நாற்காலியைக் கச்சிதமாக மூடியது. ஒன்றில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவரை வலையிலிருந்து எடுத்து, மன்னிப்புக் கேட்டு, எங்களைத் திடலை விட்டு வெளியே அனுப்பி முடிப்பதற்குள் படகுச் சவாரி நின்றுவிட்டது.

அன்று வேனில் பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சும்மா இருந்தால் எங்கள் தெருவில் யாருக்கும் சோறு இறங்காது. அடுத்த வருடம் கண்காட்சிக்குப் புறப்படும் காலையில், எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, வேன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்தத் தடவ நான் ஏறலன்னா உங்க துண்ட இனிமே நான் தொவைக்க மாட்டேன். நீங்களே தொவச்சிக்குங்க."

கோபித்துக்கொண்டு தாய்வீடு போவேன் என்றிருந்தால் பெரியப்பா சிரித்திருப்பார். பூரணாங்குப்பம் பஸ்ஸில் அவளுக்கு இடமும் பிடித்துக் கொடுத்திருப்பார். துண்டு விஷயம் வேறு. கஞ்சி அளவாகப் போட்டு, முடிச்சு முனை மட்டும் கனமாக இருக்கும்படி அவள் துவைக்கிற பக்குவம் அவருக்கு வராது. அம்மன் மேல் சத்தியம் செய்தார். இன்றைக்கு இந்தத் துண்டு அவளைத் தவிர யாருக்கும் இல்லை என்றார்.

எந்த ஸ்டாலிலும் நிற்க விடாமல் நேரே படகுத்துறைக்குக் கூட்டிப்போனார். படகு திரும்பி வந்து கயிறு கட்டுவதற்குள் துண்டு பறந்தது. முன்பலகையில், கடல் நன்றாகத் தெரிகிற பக்கத்தில், இரண்டு பேர் இடத்தை மூடி விழுந்தது. படகுக்காரர் இது என்ன பஸ்ஸா என்று கேட்டார். பெரியப்பா காதில் வாங்கவில்லை. பெரியம்மாவுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து இறக்கி, முன்பலகையில் உட்கார வைத்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. உரக்கடைக்காரர்கள் தட்டியே விட்டார்கள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெரியப்பா கரைக்கு ஏறி வந்து திரும்பிப் பார்த்தார். வரிசையில் முதலில் ஓர் அம்மா தனியாக நின்றிருந்தார். கையில் ஒரு பை, காலில் கட்டு. படகில் ஓர் இடம்தான் பாக்கி, துண்டு கிடக்கிற இடம். பெரியப்பாவின் கண் அந்தக் கட்டைப் பார்த்தது. "நீ ஏறு தாயி, எடம் இருக்குது" என்று அவர் அந்த அம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஓர் அடி எடுத்து வைத்தார்.

பெரியம்மா துண்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"ஆளு வருதுபா" என்றாள் படகுக்காரரிடம்.

பெரியப்பா சட்டென்று திரும்பி வரிசையைப் பார்த்தார். யார் வருகிறார்கள் என்று உண்மையாகவே தேடினார். எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் பெரியம்மாவைக் கேட்டார், "ஏம்மே, யாரு வர்றது?"

"அதான் நிக்கறீங்களே" என்றாள்.

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. திருடி மாட்டிக்கொண்டவர்போலச் சுற்றும் முற்றும் பார்த்து, என்னைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார். எனக்குப் படகு என்றால் தலை சுற்றும் என்றேன். முதல் வருடம் தலை சுற்றாமல் போய் வந்தவள் நான். உரக்கடைக்காரர்களைப் பார்த்தார். நால்வரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். படகுக்காரர், ஆள் வருதா இல்லையா என்று கேட்டார். கால்கட்டு அம்மாவே சிரித்துவிட்டு, தான் அடுத்த நடையில் வருவதாகவும், அவரைப் போகும்படியும் சொன்னார். அதற்கு மேல் தப்பிக்க வழியில்லை. பெரியப்பா படகில் கால் வைத்தார். வைத்தவர் குனிந்து துண்டை எடுத்துக் கரையில் நின்ற அந்த அம்மாவிடம் நீட்டினார். "அடுத்த ட்ரிப்புக்கு இது ஒங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

தான் துண்டு போட்ட இடத்தில் அவரே உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பாதிப் பலகையில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், எடுத்தார், கடைசியில் பெரியம்மா அதைப் பிடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். படகு கொஞ்ச தூரம் போனதும் எழுந்து நிற்கப் பார்த்தார். படகுக்காரர் சத்தம் போட்டார். மறுபடி உட்கார்ந்தார். அப்புறம் அவர்கள் முதுகு மட்டும் தெரிந்தது, முகத்துவாரத்தின் பக்கம் சின்னதாகிக்கொண்டு.

திரும்பி வந்தபோது எல்லோரும் இறங்கினார்கள், பெரியம்மாவும் இறங்கினாள். பெரியப்பா மட்டும் பலகையில் அப்படியே இருந்தார். உடம்பு பிடித்துக்கொண்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. பெரியம்மா கரையிலிருந்து கூப்பிட்டாள். அவர் பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"உக்காந்தா நல்லாத்தான்மே இருக்குது" என்றார்.

கால்கட்டு அம்மா கையிலிருந்த துண்டை வீசினார். அது பெரியப்பாவின் மடியிலேயே போய் விழுந்தது. பெரியப்பா பதறி எழுந்து, அந்த அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கி, துண்டை விரித்துத் தன் இடத்தில் உட்கார வைத்தார். அந்த அம்மா போய்த் திரும்பும்வரை நாங்கள் எல்லோரும் கரையிலேயே காத்திருந்து துண்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டோம். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா முதல் வேலையாக அதைத் துவைத்துக் கஞ்சி போட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் மதகடிப்பட்டில் பஸ் திரும்பியது, துண்டு பறந்தது. எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ஒரு பூக்கூடைக்காரியை அந்தப் பக்கக் கடைசியில் உட்கார வைத்துவிட்டு, நடு இடத்துக்கு ஆள் கிடைக்காமல் அவர் படிக்கட்டில் நின்றுகொண்டார். நான் அந்த நடு இடத்தில் என் பையை வைத்தேன். கேட்டவர்களிடமெல்லாம் ஆள் வருகிறது என்று சொன்னேன். அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னேன். நெட்டப்பாக்கம் வரை அவர் திரும்பியே பார்க்கவில்லை. நெட்டப்பாக்கம் தாண்டியதும் வந்து, பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, உட்கார்ந்தார்.